மரபணு மாற்றிய மீன்களும் நீர்நிலைகளுக்கு அவற்றால் நேரக்கூடிய கேடும்

மரபணு மாற்றம் என்னும் சொல் நமது குடியானவர்களுக்குப் புதிதன்று. 2002-ம் வருஷத்தில் காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்திக்கு இந்திய சர்க்கார் அனுமதி அளித்தது முதல், பருத்தி பயிரிடுவோர் யாவரும் அதனை அறிவர். அதே வழியில் மீன்களையும் மாற்ற இயலும் என்பதும், அங்ஙனம் மாற்றிய மீன் அயல்நாடுகளில் கடைக்கு வந்து விற்பனையும் ஆயிற்று என்பதும் பலர் அறியாத விஷயங்கள். பருத்திச் செடி நட்ட இடத்தில் நிற்கும். வேண்டாமென்றால் பிடுங்கி எரித்துவிடலாம். மீனுக்கோ வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. கலிங்கு வழிந்தால் ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கும், அங்கிருந்து ஆற்றிற்கும் போய்விடும். ஆகவே மீன் விஷயத்தில் முதன்மையாக ஆராய வேண்டுவது, அதைத் தின்பவனுக்கு என்ன நேரும் என்பதைவிட, அது தப்பிச் சென்ற நீரில் என்ன நேரும் என்பதேயாம். இது பற்றி வட அமெரிக்காவில் பல வருஷங்களாக நடந்துவந்த சோதனைகளையும் விவகாரங்களையும் எடுத்துக் கூறி, நம் நாட்டு நீர்நிலைகளுக்கு அவற்றில் பொருந்துவது எது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணு மாற்றம் எது, எது அன்று

மீன் வளர்ப்போரிடையே இதில் சில மயக்கங்கள் உள. கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்வதே மரபணு மாற்றம் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. 1957-ம் வருஷத்தில் டாக்டர் ஹீராலால் சௌதரி கட்டாக்கில் செய்து வெற்றி கண்ட அம்முறையில், மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைச் செலுத்தித் தாய் மீனை முட்டையிடத் தூண்டுகிறார்கள். குஞ்சுகளின் பரம்பரைக் குணம் அதனால் எள்ளளவும் மாறுவதில்லை. புவனேசுவரத்தில் உருவாக்கிய ஜயந்தி ரோகுவும், 1988 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில் விருத்தி செய்யப்பட்ட கிப்ட் திலேப்பியாவும் மரபணு மாற்றிய மீன்கள் அல்ல. நல்ல பொலிகாளையைத் தேர்ந்து மந்தையை மேம்படுத்துவது போல, விரைவாக வளர்ந்த மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதால் வந்தவை அவை.

ஒவ்வொரு ஜீவனின் உடலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அறைகளால் ஆனது. அவ்வறைகளை உயிரணுக்கள் என்பர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குணங்களைத் தாங்கி நிற்கும் கூறுகள் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ளன, அவையே மரபணுக்கள். ஒரு ஜீவனிலிருந்து அத்தகைய கூறு ஒன்றைப் பிரித்தெடுத்து, அப்பொழுதுதான் கருவுற்ற வேறொரு மீனின் முட்டையில் மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்தினால், மிகச் சில முட்டைகளில் அது பற்றிக்கொள்ளும். பற்றிய மீன் வளர்ந்து முட்டையிடும்போது, புதிய குணம் சந்ததிக்கும் இறங்கும். மருந்து கொடுத்து வளர்த்த மீனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே: மருந்தின் வேகம் அந்த மீனோடு போயிற்று, மரபணுவோ குஞ்சு பொரிக்குந்தோறும் பெருகும்.

சீன தேசத்து வூகான் நகரில் ஜூ சுவோயான் என்னும் விஞ்ஞானி தங்கமீனில் செய்து 1985-ல் வெளியிட்ட சோதனை இவ்வகையில் முதலாவது என்று கூறுவர். பின்னர் அங்கேயே புல்கெண்டையின் வளர்ச்சி மரபணுவைச் சாதாக்கெண்டையில் சேர்த்தனர். நம் மாகாணத்திலும் இவ்வேலை நடந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டி. ஜே. பாண்டியனும் அவருடைய குழுவினரும் ரோகுவின் வளர்ச்சி மரபணுவையே ரோகுவிற்குக் கூடுதலாகச் சேர்த்து, அது ஏனைய ரோகுவைவிடப் பன்மடங்கு விரைவில் வளர்வதைக் கண்டு 2004-ல் வெளியிட்டனர். அம்மீன் வளர்ப்புப் பண்ணைகளுக்கு வரவில்லை.

அட்லாண்டிக் சால்மனின் வரலாறு

உலகில் மனிதர் உண்பதற்கென்று முதன்முதல் அனுமதி பெற்ற மரபணு மாற்று மீன், வட அட்லாண்டிக் சமுத்திரக் கரைகளைச் சார்ந்த சால்மன் ஆகும். இம்மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றிற்கே திரும்பி வரும் இயல்புடையது. பண்ணைகளில் இது விற்பனை எடையை அடைய ஏறக்குறைய மூன்று வருஷங்கள் பிடிக்கும். வளர்ச்சிக்குரிய சுரப்புநீர் எப்போதும் ஒரே அளவில் ஊறாமை இத்தாமதத்திற்கு ஒரு காரணம்.

கானடாவின் நியூபவுண்ட்லாந்து தீவிலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் சோய் ஹியூ, கார்த் பிளெச்சர் முதலிய விஞ்ஞானிகள் 1989-ல் இதற்கு ஓர் உபாயம் செய்தனர். பசிபிக் சமுத்திரத்துச் சினூக் சால்மனின் வளர்ச்சி மரபணுவை எடுத்து, அதனுடன் பனிக்கடலின் அடித்தரையில் வாழும் விலாங்கு போன்ற ஒரு மீனின் மரபணுவிலிருந்து ஒரு சிறு பகுதியை இணைத்தனர். வாய்க்காலில் நீர் ஓடுவதும் நிற்பதும் மதகுப் பலகையைப் பொறுத்தது அல்லவா? அப்பகுதி மதகுப் பலகையின் வேலையைச் செய்கிறது. பனிக்கடல் மீனின் உடலில் குருதி உறையாமற் காக்கும் சத்து குளிரிலும் ஊறவேண்டுமாகையால், அதன் மதகு குளிரில் அடைபடுவதில்லை. அதைச் சால்மனில் பொருத்தியதால் வளர்ச்சிச் சுரப்பு வருஷம் முழுவதும் ஊறலாயிற்று. விளைவு, ஒன்றரை வருஷ அளவில் விற்பனைக்குரிய எடை. மீன் இறுதியில் அடையும் பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை அடையும் வேகத்திலேதான் வித்தியாசம்.

அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2015-ம் வருஷம் நவம்பர் மாதத்திலும், கானடா சர்க்கார் 2016-ம் வருஷம் மே மாதத்திலும் உணவுக்கு இசைவு அளித்தன. 2017-ல் கானடாவில் ஏறக்குறைய 4½ டன் விற்பனையாயிற்று. வாங்கினவர்களுக்கு அது இன்ன மீன் என்று தெரியாது. அந்நாட்டில் அவ்வாறு குறித்து விற்கவேண்டும் என்னும் விதி இல்லை. உண்பதால் தீங்கு உண்டென்று இரு நாட்டு அதிகாரிகளும் காணவில்லை. நாம் உண்ணும் எந்த ஆட்டிறைச்சியிலும் கீரையிலும் மரபணுக்கள் உண்டு. அவை வயிற்றில் செரித்துவிடும். மரபணு மீனைத் தின்றால் மனிதனின் மரபணு மாறும் என்று பரப்பப்படும் வதந்திக்கு இடங்கொடுக்க வேண்டுவதில்லை.

வழக்கெல்லாம் நீர்நிலையைப் பற்றியதே. மீன் தப்பாதிருக்க நிர்வாகத்தார் பல நிபந்தனைகள் விதித்தனர். முட்டைகள் கானடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கட்டடத்துக்குள் உற்பத்தியாயின. வளர்ப்பு பனாமா நாட்டின் மலைப்பகுதியில் கரைமேல் அமைந்த தொட்டிகளில் நடந்தது. அங்கிருந்து கடலுக்கு இறங்கும் ஆற்றின் கீழ்ப்பகுதி சூடு மிகுந்ததாகையால் சால்மன் அங்குப் பிழைக்காது என்பது கணக்கு. பிறகு இண்டியானா மாகாணத்தில், சமுத்திரத்திற்கு வெகு தூரத்தில், மற்றொரு பண்ணை அமைந்தது. விற்பனைக்கு வளர்ப்பவை யாவும் பெண் மீன்கள். அவற்றையும் மலடாக்கினர். சாதாரணமாக உயிரணுவில் இரண்டு தொகுதியாக இருக்கும் மரபுத் திரிகளை, கருவுற்றவுடன் முட்டையை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி மூன்று தொகுதியாக்கினால், அக்குஞ்சு வளருமேயன்றிச் சினை பிடிக்காது.

இவ்வேற்பாடு மிக நேர்த்தியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் நூற்றுக்கு நூறு அன்று. சோதித்தபோது சராசரி 99.8 சதவிகிதம் மலடாயின. குறைந்தது 95 சதவிகிதம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. விதை நெல்லில் கலப்பு பார்க்கும் கண்ணோடு இதைக் கணக்கிடுக. பத்து லட்சம் முட்டைகளில் 0.2 சதவிகிதம் என்றால் 2,000 மீன்கள் சினைப்படத் தக்கவை. 95 சதவிகிதமே தேறினால் 50,000. அன்றியும் முட்டை உற்பத்திக்கென வைத்துள்ள தாய் தந்தை மீன்களை மலடாக்க இயலாது. அவை இருந்த இடமோ சால்மன் வாழும் கடல் சூழ்ந்த தீவு.

தப்பினால் என்ன நேரும்

விரைவாக வளரும் மீன் தப்பினால் நல்லதுதானே, ஆற்றில் மீன் பெருகுமே என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை கூறுமுன் ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். காட்டு மீனின் ஒவ்வொரு குணமும் அந்நீரில் பல்லாயிரம் தலைமுறைகள் பிழைத்ததால் நிலைத்த குணம். தொட்டியில் இரை தவறாது கிடைக்கும், பகையில்லை. அங்கே எப்போதும் பசித்திருத்தல் லாபம். ஆற்றில் பசித்த மீன் இரையைத் தேடி ஒளிவிடத்தை விட்டு வெளியே வரும். கொக்கும் பெரிய மீனும் அதைக் கொத்திப் போகும். ஆகையால் மாற்றிய மீன் ஆற்றில் அழிந்துவிடும், கேடில்லை என்பது ஒரு சாராரின் வாதம்.

இவ்வாதத்தின் குறையை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர், ரிச்சர்ட் ஹோவார்ட் என்னும் இருவர் 1999-ல் எடுத்துக்காட்டினர். மெடக்கா என்னும் சிறு மீனில் பருத்த ஆண்களே பெண் மீன்களோடு அதிகமாக இணைகின்றன என்பதை அவர்கள் அறிந்தனர். மரபணு மாற்றத்தால் ஆண் பருக்கிறது. அதனால் அதிகமான குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது. ஆனால் அக்குஞ்சுகளில் உயிரோடு தேறுபவை குறைவு எனில் யாது நேரும்? ஆண்டுதோறும் அதன் மரபணு கூட்டத்தில் பரவும்; பரவப் பரவக் கூட்டம் குன்றும். 60,000 காட்டு மீன்கள் உள்ள நீரில் இத்தகைய 60 மீன்கள் புகுந்தால், 40 தலைமுறைக்குள் கூட்டமே அற்றுப்போகும் என்று அவர்கள் கணிதத்தால் காட்டினர். கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய் நகரத்துள் புகுந்த கதையை நினைந்து இதற்கு டிராய் மரபணு என்று பெயரிட்டனர். இது கணிதமேயன்றி ஆற்றில் கண்ட நிகழ்ச்சியன்று. ஆயினும் வலிமை குன்றிய மீன் தானே அழிந்துவிடும் என்று சும்மா இருப்பது தகாது என்பதற்கு இது போதும்.

நேரே கண்ட சோதனைகளும் உண்டு. கானடாவின் மேற்குக் கரையில் ராபர்ட் டெவ்லின் குழுவினர் கோஹோ சால்மனில் வளர்ச்சி மரபணு ஏற்றியவற்றையும் சாதாரண மீன்களையும் ஒரே தொட்டிகளில் வளர்த்து 2004-ல் முடிவை வெளியிட்டனர். இரை தாராளமாகக் கிடைத்தவரை இரண்டும் நன்கு வளர்ந்தன. இரையைக் குறைத்தபோது, மாற்றிய மீன்கள் மற்றவற்றை அடக்கி, பிற மீன்களையே தின்னத் தலைப்பட்டன. அத்தொட்டிகளில் கூட்டம் சரிந்து, சிலவற்றில் ஒரு மீனே எஞ்சியது அல்லது ஒன்றுமே எஞ்சவில்லை. சாதாரண மீன்கள் மட்டும் இருந்த தொட்டிகளிலோ அதே பஞ்சத்தில் பெரும்பான்மை பிழைத்தன. இரை தாராளமாயுள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் கேடு காணவில்லை என்பதால், கோடையில் வற்றி இரை அருகும் நீரிலும் கேடிராது என்று சொல்ல முடியாது என்பதே இதன் சாரம்.

கலப்பைப் பற்றிய மற்றொரு சோதனை நியூபவுண்ட்லாந்திலேயே நடந்தது. நமது நீலகிரி ஓடைகளில் விடப்பட்ட டிரௌட் மீனின் குடும்பத்தைச் சேர்ந்த பழுப்பு டிரௌட் அத்தீவிலும் உண்டு. அதுவும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டதே. மரபணு மாற்றிய சால்மன் அதனுடன் கலந்து குஞ்சு பொரிக்குமா என்று பார்த்தனர். பொரித்தது. பிறந்த கலப்பு மீன்களில் புதிய மரபணு இறங்கியிருந்தது. ஓடையைப் போலவே அமைத்த தொட்டியில் அக்கலப்பு மீன்கள் பிற சால்மன்களின் வளர்ச்சியை வெகுவாக அடக்கிவிட்டன. 2013-ல் வெளியான இம்முடிவு கவனிக்கத்தக்கது. ஏனெனில், ஓர் இனத்தைப் பற்றி மட்டும் ஆராய்ந்து கொடுத்த அனுமதி, அதனோடு கலக்கக்கூடிய அண்டை இனத்தையும் தொடுகிறது. அதே சமயம், மாற்றிய ஆண் சால்மன் முட்டையிடும் தறுவாயில் காட்டு ஆணோடு போட்டியிட்டால் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி கூறுவதையும் மறைத்தல் ஆகாது. கேடு உறுதி என்பதும் தவறு. இல்லை என்பதும் தவறு.

வேலி நிற்குமா

தப்பாமல் வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று பார்ப்போம். மரபணு மாற்றாத சாதாரணப் பண்ணைச் சால்மன்களைக் கடலில் வலைக்கூண்டுகளில் வளர்ப்பது வழக்கம். 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் அத்தகைய கூண்டு ஒன்று சரிந்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் பசிபிக் கடலில் புகுந்தன. அடுத்த வருஷமே அம்மாகாணச் சட்டசபை அயல் இனங்களைக் கூண்டில் வளர்ப்பதை நிறுத்தச் சட்டம் இயற்றியது. நியூபவுண்ட்லாந்தில் 2013-ல் சுமார் 20,000 பண்ணைச் சால்மன்கள் தப்பின. பின்னர் அப்பகுதியில் 18 ஆறுகளைச் சோதித்ததில் 17-ல் பண்ணை மீனும் காட்டு மீனும் கலந்த குஞ்சுகள் காணப்பட்டன. மரபணு மாற்றிய சால்மனைக் கடற்கூண்டில் வைக்க எவரும் அனுமதி கொடுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் காட்டு மீனோடு பண்ணை மீன் கலக்காது என்று சொல்வதற்கு இனி இடமில்லை. காட்டுச் சால்மனோ ஏற்கனவே நலிந்த இனம். மெயின் வளைகுடாவைச் சார்ந்த கூட்டத்தை அமெரிக்க சர்க்கார் 2000-ம் வருஷத்திலேயே அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்துவிட்டது.

2020-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள அமெரிக்க மத்திய கோர்ட்டில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா அளித்த தீர்ப்பு இவ்விவகாரத்தின் மையத்தைத் தொட்டது. மீன் தப்புவது அரிது என்று ஆராய்ந்து நிறுத்திக்கொண்டது போதாது. தப்பினால் காட்டுச் சால்மனுக்கு என்ன நேரும் என்பதையும் நிர்வாகம் ஆராய்ந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் கருத்து. அனுமதியை அவர் ரத்து செய்யவில்லை. ஆராய்ச்சியை மீண்டும் செய்யுமாறு திருப்பி அனுப்பினார். அணை உடையாது என்று பொறியாளர் சொன்னாலும், உடைந்தால் எவ்வூர் முழுகும் என்று தாசில்தார் கணக்கு வைத்திருப்பதில்லையா? அது போன்றதே இது.

இறுதியில் இம்மீனை நிறுத்தியது கோர்ட்டும் அன்று, ஆற்றுக் கேடும் அன்று, பணம். கரைமேல் தொட்டி கட்டி, நீரைச் சுத்தி செய்து, குளிரூட்டி வளர்க்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. பனாமாப் பண்ணை 2019-லும் இண்டியானாப் பண்ணை 2024-லும் கைவிடப்பட்டன. 2024 டிசம்பரில் கம்பெனியார் மீன் வளர்ப்பு முழுவதையும் நிறுத்துவதாக அறிவித்தனர். தப்பாமற் காக்கும் ஏற்பாடு எவ்வளவு திறமாக இருக்கிறதோ அவ்வளவு செலவு. செலவைக் குறைக்க முயன்றால் முதலில் தளர்வது காவலே. இம்முறையைப் பிற நாடுகளில் மலிவாகச் செய்ய யாரேனும் முனைந்தால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒளிரும் சிறு மீன்

சால்மன் நம் நாட்டு உஷ்ண நீரில் பிழைக்காது. ஆகவே அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நமக்கு அருகில் வரக்கூடியது இரண்டு அங்குலமும் இல்லாத ஓர் அலங்கார மீன். உடலில் நீலக் கோடுகள் உள்ள இதை ஜீப்ரா மீன் என்பர். கங்கை, பிரமபுத்திரா படுகைகளின் ஓடைகளும் நெல் வயல்களுமே இதன் பூர்விகம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இம்மீனின் முட்டையில், ஒளிரும் தன்மையுள்ள கடல்வாழ் ஜந்துக்களின் மரபணுவைச் செலுத்தினர். நீரில் நஞ்சு கலந்தால் மீன் ஒளிர்ந்து காட்டவேண்டும் என்பது தொடக்க நோக்கம். வர்ணம் அழகாயிருந்ததால் வியாபாரம் முந்திக்கொண்டது. 2003-ம் வருஷம் டிசம்பரில், இதை மேற்பார்வையிட வேண்டிய அவசியம் இல்லை என்று அமெரிக்க நிர்வாகம் விட்டுவிட்டது. சாதாரண ஜீப்ரா மீன் அந்நாட்டில் நெடுங்காலமாக விற்கப்பட்டும், குளிர் மிகுந்த அந்நீரில் வேரூன்றவில்லை என்பதே அவர்கள் ஆதாரம். இதன்பின், முன்னே சொன்ன மியூர், ஹோவார்ட் இருவரும் சகாக்களோடு சிவப்பு ஒளி மீன்களைச் சாதாரண ஜீப்ரா மீன்களோடு தொட்டிகளில் பல தலைமுறைகள் விட்டுப் பார்த்து 2015-ல் முடிவு கூறினர். காட்டு ஆண்கள் ஒளி ஆண்களைத் துரத்தி வென்றதால், பதினைந்து தலைமுறைக்குள் ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் புதிய மரபணு மறைந்தது. அபாயத்தை எடுத்துச் சொன்னவர்களே அபாயம் குறைந்த இடத்தையும் சொன்னது பாராட்டுக்குரியது.

பிரேஜிலில் நேர்ந்தது வேறு. அந்நாட்டு சர்க்கார் 2017-ல் இவற்றின் விற்பனையைத் தடுத்தது. ஆயினும் மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில் அலங்கார மீன் பண்ணைகள் நெருங்கிய முரியாயே பகுதியில், பண்ணைக் குளங்களின் வடிகாலைப் பெறும் ஓடைகளில், சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் மீன்கள் நீந்துவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2022-ல் வெளியிட்டனர். அவை முட்டையிட்டுப் பெருகின. ஓடைப் பூச்சிகளையும் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வாழ்ந்தன. ஆய்வுத் தொட்டியில் தோற்ற மீன் இங்கே எவ்வாறு வென்றது? போட்டியிட அங்கே காட்டு ஜீப்ரா மீன் இல்லை, தின்னும் பகையும் குறைவு, நீரும் குளிர்ந்ததன்று. மீன் ஒன்றே, நீர் மாறியதால் முடிவும் மாறியது.

நமது நாட்டில் காட்டு ஜீப்ரா மீன் உண்டு. ஆகையால் ஒளிமீன் தப்பினால் காட்டு ஆண்களிடம் தோற்று மறைந்தாலும் மறையும். ஆனால் அதனோடு கலக்கத்தக்க உறவும் இங்கேதான் உண்டு. குளிர் அதைக் கொல்லும் என்று நம்பவும் இங்கே இயலாது. அமெரிக்காவில் சொன்ன நியாயம் இங்கே தலைகீழாகிறது. இந்தியாவில் 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-ல் ஏற்பட்ட விதிகளின்படி, மத்தியக் குழுவின் அனுமதியின்றி மரபணு மாற்றிய எந்த ஜீவனையும் இறக்குமதி செய்யவோ வெளியே விடவோ கூடாது. உணவுக்கோ அலங்காரத்துக்கோ வளர்க்க எந்த மரபணு மாற்று மீனுக்கும் இன்றுவரை அனுமதி அளிக்கப்படவில்லை.

குளங்களில் கவனிக்க வேண்டியவை

சட்டம் ஒருபுறம் இருக்க, அயல் மீன் எவ்வழியே புகுகிறது என்பது நம் மாகாணத்தில் அனுபவத்தால் கண்டதே. 1952-ம் வருஷத்தில் நல்ல எண்ணத்தோடு கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை, 1959-லேயே இனிப் பரப்பலாகாது என்று தடுத்தனர். அதற்குள் அது குளம் குளமாய்ப் போய்விட்டது. வருஷத்தில் பல முறை குஞ்சு பொரித்து, குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து, இரை போதாமல் தானும் சிறுத்து, பிற மீன்களையும் நெருக்கும் அதன் தன்மையை மீன் குத்தகைக்காரர் எவரும் சொல்வர். தொட்டிப் பாசியைத் தின்பதற்கென்று வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் டேங்க் கிளீனர் மீன், அலுத்தவர்களால் ஏரியில் கொட்டப்பட்டு, இன்று சென்னைப் பக்கத்து ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது. இவையிரண்டும் மரபணு மாற்றாதவை. மாற்றிய மீன் வந்தாலும் இதே கலிங்கு வழியாகவும் இதே வாளி வழியாகவும்தான் வரும்.

ஆகையால் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடுமிடத்து, விரலிகள் எப்பண்ணையிலிருந்து வாங்கப்பட்டன என்பதற்கு ரசீது கேட்டுப் பதிவு செய்தல் நலம். நாலில் ஒரு பங்கு நாளில் வளரும் புது ரகம் என்று பெயரின்றி விற்கப்படும் குஞ்சுகளை வாங்குவதற்கு முன் மீன் இலாகா அலுவலரிடம் காட்டுக. பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் வடிகால் வாயிலும் வழிந்தோடும் இடத்திலும் நெருங்கிய கண்ணுள்ள வலைத்தட்டியை, மழைக்காலத்துக்கு முன்னரே பொருத்துதல் வேண்டும். வெள்ளம் ஏறும் வாய்க்கால் கரைக்குக் கீழே குட்டை வெட்டியிருந்தால், கரையை முந்தைய வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்துக. கண்ணாடித் தொட்டி மீன்களை வேண்டாமென்று எவரேனும் குளத்தில் விட வந்தால், புண்ணியமென்று எண்ணி இடங்கொடுக்கலாகாது. வாங்கிய கடையிலேயே திருப்பிவிடச் சொல்லுக.

கடைகளில் வர்ணம் பாய்ச்சிய மீன்களும் உண்டு. ஊசியால் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனின் வர்ணம் சில மாதங்களில் மங்கும், குஞ்சுக்கு இறங்காது. மரபணு மாற்றிய மீனின் வர்ணம் ஆயுள் முழுவதும் நிற்கும். நீல ஒளி விளக்கின்கீழ் பளிச்சென்று ஒளிரும். குஞ்சுகளும் அதே வர்ணத்தில் பிறக்கும். குளத்திலோ வயல் வாய்க்காலிலோ இத்தகைய மீன் வலையில் சிக்கினால் அதைத் திரும்ப நீரில் விடாமல் பனிக்கட்டியில் வைத்து, குளத்தின் பெயர், சர்வே நம்பர், பிடித்த தேதி, அவ்வருஷம் கலிங்கு கடைசியாக வழிந்த நாள் ஆகியவற்றைக் குறித்து, ஜில்லா மீன் இலாகா அலுவலகத்திற்கு அனுப்பவும். ஒரே மீன்தான் கிடைத்தது என்று அசட்டையாக இராமல், அதே இடத்தில் சிறு கண் வலையால் மறுநாளும் அரித்துப் பார்த்து, வெவ்வேறு அளவுள்ள குஞ்சுகள் கிடைத்தால் அவற்றின் எண்ணிக்கையையும் அக்குறிப்பில் சேர்க்கவும்.